சபையில் ஜெப ஊழியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சபையில் ஜெப ஊழியத்தைத் தொடங்க நினைப்பவர்களும், தொடங்கிவிட்டு நடுவில் திணறுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. ஜெபக்குழுவில் இருந்த அனுபவத்தை வைத்துப் பதில் எழுதியிருப்பதால், சில இடங்களில் என் கருத்து கொஞ்சம் பலமாகவே இருக்கும்.

எங்கள் சபையில் வாரம் தவறாமல் ஜெபக்கூட்டம் நடக்கிறது. அது போதாதா?

கூட்டம் நடப்பது வேறு, சபை ஜெபிப்பது வேறு. பல சபைகளில் ஜெபக்கூட்டம் என்றால் நாலு பாட்டு, ஒரு பிரசங்கம், அறிவிப்புகள், கடைசியில் போதகர் பத்து நிமிடம் ஜெபிப்பார், மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் வாய் திறந்து ஜெபித்தவர் ஒரே ஒருவர்.

ஜெப ஊழியம் என்று நான் சொல்வது, சபையில் இருக்கிற எல்லாரும் ஜெபிப்பதற்கு வழி செய்து கொடுக்கிற வேலையை. விண்ணப்பங்களைச் சேர்ப்பது, நேரம் குறிப்பது, ஜெபிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது, ஜெபித்ததற்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று விசாரிப்பது, எல்லாம் அதில் அடங்கும். 'நன்றாக ஜெபிக்கிற பத்துப் பேர் சபைக்காக ஜெபிக்கிற பிரிவு' என்று ஆரம்பித்தால், சில மாதங்களில் மற்றவர்கள் ஜெபிப்பதையே விட்டுவிடுவார்கள். 'ஜெபக்குழுவிடம் சொல்லியாச்சு' என்பதோடு அவர்கள் கடமை முடிந்துவிடும். ஆதிச் சபையார் உபதேசத்திலும் அந்நியோந்நியத்திலும் அப்பம் பிட்குதலிலும் ஜெபம்பண்ணுதலிலும் உறுதியாய்த் தரித்திருந்தார்கள் என்று அப்போஸ்தலர் 2:42 சொல்கிறது. அவர்களில் யாரும் தனக்குப் பதிலாக இன்னொருவரை அப்பம் சாப்பிட அனுப்பியதாகத் தெரியவில்லை.

தொடங்க எத்தனை பேர் வேண்டும்?

இரண்டு பேர். மத்தேயு 18:19-20 கேட்பது அவ்வளவுதான்.

1857 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கின் ஃபுல்டன் தெருவில் ஜெரமையா லான்ஃபியர் என்பவர் வேலைக்குப் போகிறவர்களுக்காக மதியம் 12 மணிக்கு ஒரு ஜெபக்கூட்டம் அறிவித்தார். அவர் குருவானவர் அல்ல, ஒரு சபை நியமித்த சாதாரண ஊழியர். முதல் அரை மணி நேரம் யாருமே வரவில்லை. தனியாக உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருந்தார். 12.30-க்கு ஒருவர் வந்தார். மணி ஒன்றாகும்போது ஆறு பேர் ஆனார்கள். வாரக் கூட்டம் சீக்கிரமே தினக் கூட்டமாக மாறியது. அந்த அக்டோபரில் வங்கிகள் நொடித்து நகரமே பீதியில் இருந்தது என்பதும் ஒரு காரணம். சில மாதங்களில் அமெரிக்காவின் பல நகரங்களில் அதே மாதிரி மதிய ஜெபக்கூட்டங்கள் நடந்தன.

இந்தக் கதையை எல்லாரும் அந்த எழுப்புதலுக்காகச் சொல்வார்கள். எனக்கு அந்த முதல் அரை மணி நேரம்தான் முக்கியமாகப் படுகிறது. 12.10-க்கு அவர் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. நீங்களும் ஆறு பேர் வந்தாலும் அறுபது பேர் வந்தாலும் அறிவித்த நேரத்தில் தொடங்குங்கள், அறிவித்த நேரத்தில் முடியுங்கள். 'இன்னும் கொஞ்சம் பேர் வரட்டும்' என்று காத்திருக்கிற கூட்டத்துக்கு அடுத்த வாரம் எல்லாரும் தாமதமாகவே வருவார்கள்.

எங்கள் போதகர் இதில் அவ்வளவு ஆர்வம் காட்டவில்லை. நாங்களே தொடங்கிவிடலாமா?

அவருக்குத் தெரியாமல் வேண்டாம். போதகருக்குத் தெரியாத ஜெபக்குழு, எவ்வளவு நல்ல மனதோடு தொடங்கினாலும், கொஞ்ச நாளில் சபைக்குள் இன்னொரு சபையாகிவிடும். அங்கே பேச்சு முதலில் 'போதகருக்காக ஜெபிப்போம்' என்று இருக்கும். பிறகு 'போதகர் மாறவேண்டும் என்று ஜெபிப்போம்' என்று ஆகும். அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

அவருக்கு ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், அவருக்கு நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு கூட்டம் என்றால் அதையும் தானே நடத்தவேண்டியிருக்குமோ என்று பயப்படுகிற போதகர்கள் உண்டு. 'ஐயா, நீங்கள் நடத்தவேண்டாம். மாதம் ஒருமுறை வந்து எங்களோடு உட்கார்ந்தால் போதும். உங்களுக்காகவும் ஜெபிக்கவேண்டும், என்னென்ன காரியங்கள் என்று சொல்லுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார். எருசலேமில் பந்தி விசாரிப்பில் பிரச்சினை வந்தபோது அப்போஸ்தலர்கள் ஏழு பேரிடம் அந்த வேலையை ஒப்படைத்ததே, ஜெபத்துக்கும் வசனத்துக்கும் தங்களுக்கு நேரம் வேண்டும் என்பதற்காகத்தான் (அப்போஸ்தலர் 6). போதகரின் தலையிலிருந்து நாலு வேலையை இறக்கி வைப்பதும் ஜெப ஊழியத்துக்கு உதவிதான்.

ஜெப ஊழியத்துக்கு யாரைப் பொறுப்பாக வைப்பது?

சபையில் மிக அழகாக ஜெபிக்கிறவரைத்தான் எல்லாரும் நினைப்பார்கள். நான் மிக நம்பகமாக வாயை மூடிக்கொண்டிருப்பவரைத் தேடுவேன். ஜெபிப்பதைக் கற்றுக்கொள்ளலாம், கேட்டதை வெளியே சொல்லாமல் இருக்கிற குணத்தை நடுவயதில் கற்றுக்கொடுப்பது கஷ்டம்.

அதோடு, நேரத்துக்கு வருகிறவராக, ஒழுங்காகக் குறித்து வைக்கிறவராக, மற்றவர்களைப் பேசவிடுகிறவராக இருந்தால் போதும். இரண்டு பேரைச் சேர்த்து வையுங்கள். ஒருவர் ஊரில் இல்லாத வாரத்தில் கூட்டம் நின்றுபோகாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பொறுப்பை மாற்றுவதும் நல்லது. இல்லாவிட்டால் அது 'அவருடைய ஜெபக்குழு' ஆகிவிடும்.

ஒரு மணி நேர ஜெபக்கூட்டத்தை எப்படி நடத்துவது? எங்கள் கூட்டத்தில் பாதி நேரம் பேச்சிலேயே போய்விடுகிறது.

எல்லா இடத்திலும் இதே கதைதான். 'யாருக்காவது ஜெப விண்ணப்பம் இருக்கிறதா?' என்று கேட்டவுடன் ஒருவர் தன் மைத்துனரின் அறுவைச் சிகிச்சையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பார், இன்னொருவர் தனக்குத் தெரிந்த மருத்துவரைப் பற்றிச் சொல்வார், மூன்றாமவர் அதே வியாதி வந்து இறந்துபோனவரை ஞாபகப்படுத்துவார். நாற்பது நிமிடம் ஓடிவிடும். மிச்சமிருக்கிற நேரத்தில் ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து அவசரமாக ஜெபித்து முடிப்பார்.

விண்ணப்பங்களை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு வரி போதும். கூட்டத்தில் அதை வாசித்தவுடனே அதற்காக ஜெபியுங்கள். எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டு ஜெபிக்கத் தொடங்கினால் பாதி மறந்துபோகும்.

தொடக்கத்தில் ஒரு சங்கீதம் வாசியுங்கள். பிரசங்கம் வேண்டாம், வாசிப்பு மட்டும். அந்தச் சங்கீதத்தில் தேவனைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறதோ அதை வைத்துப் பத்து நிமிடம் ஸ்தோத்திர ஜெபம். அப்புறம் மூன்று அல்லது நான்கு காரியங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஒருவர் ஜெபித்த காரியத்தையே அடுத்தவரும் தொடர்ந்து ஜெபிக்கட்டும். ஒரே ஆள் இரண்டு மூன்று முறை ஜெபித்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு முறையும் சின்னதாக இருக்கட்டும். நடுவில் மௌனம் வந்தால் பதறிப் பாட்டு எடுக்காதீர்கள். அரை நிமிட மௌனம் யாரையும் ஒன்றும் செய்யாது. அந்த இடைவெளியில்தான் கூச்சப்படுகிறவர் தைரியம் திரட்டிக்கொண்டிருப்பார்.

இதற்கு நல்ல மாதிரி அப்போஸ்தலர் 4-ல் இருக்கிறது. பேதுருவையும் யோவானையும் யூதர்களின் ஆலோசனைச் சங்கத்தார் மிரட்டி அனுப்புகிறார்கள். அவர்கள் வந்து நடந்ததைச் சொன்னவுடன் சபையார் ஜெபிக்கத் தொடங்குகிறார்கள். முதலில் வானத்தையும் பூமியையும் உண்டாக்கின தேவனை நினைக்கிறார்கள், பிறகு இரண்டாம் சங்கீதத்தைச் சொல்கிறார்கள். பிரச்சினையைப் பற்றி ஒரே வரி: 'அவர்கள் பயமுறுத்தல்களைத் தேவரீர் கவனியும்.' கேட்டது பேசுவதற்குத் தைரியமும், பிணியாளிகள் குணமாகி அடையாளங்கள் நடக்கவேண்டும் என்பதும்தான். மிரட்டியவர்கள் அழியவேண்டும் என்று கேட்கவில்லை, பிரச்சினை நீங்கவேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. அந்தப் பகுதியைக் குழுவாக உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள்.

ஒருவர் ஜெபிக்கத் தொடங்கினால் இருபது நிமிடம் ஆகிறது. மூத்தவர். எப்படிச் சொல்வது?

ஆளிடம் சொல்வதற்கு முன் எல்லாருக்கும் பொதுவாக ஒரு விதி வையுங்கள். ஃபுல்டன் தெருக் கூட்டத்திலேயே ஒருவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஜெபிக்கவோ பேசவோ கூடாது, தர்க்கத்துக்குரிய விஷயங்களை எடுக்கக்கூடாது என்று விதி இருந்தது. விதி இருந்தால் யாரையும் குறிவைத்தது போல ஆகாது.

அப்படியும் மாறவில்லை என்றால் தனியாக, மரியாதையாகப் பேசுங்கள். 'ஐயா, புதிதாக வருகிறவர்கள் உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். நீங்கள் சுருக்கமாக ஜெபித்தால் தங்களாலும் முடியும் என்று அவர்களுக்குத் தோன்றும்.' இது சாக்குப்போக்கு அல்ல, நிஜம். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தை நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடம்கூட ஆகாது. சிலுவைக்கு முந்தின இரவில் அவர் ஜெபித்த யோவான் 17-ம் அதிகாரம் முழுவதையும் சத்தமாக வாசித்தாலும் ஐந்தாறு நிமிடம்தான். நீண்ட ஜெபத்துக்கு இடம் உண்டு. இரவு முழுவதும் ஜெபித்தவரும் அதே இயேசுதான். ஆனால் அப்போது அவர் மலையில் தனியாக இருந்தார்.

எனக்கு மற்றவர்கள் முன்னால் ஜெபிக்கக் கூச்சமாக இருக்கிறது. குழுவில் சேரலாமா?

தாராளமாக. ஆமென் சொல்வதும் ஜெபத்தில் பங்குதான். அன்னாள் ஆலயத்தில் ஜெபித்தபோது உதடு மட்டும்தான் அசைந்தது, சத்தம் வரவில்லை. அந்த ஜெபம் கேட்கப்பட்டது.

குழு நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சுற்றிலும் உட்காரவைத்து வரிசையாக ஜெபிக்கச் சொல்லாதீர்கள். தன் முறை நெருங்க நெருங்க அந்த ஆள் மற்றவர்களின் ஜெபத்தைக் கேட்கவே மாட்டார், என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று மூன்று பேராகப் பிரித்துவிட்டால் கூச்சம் பாதி குறையும். சங்கீதத்தில் ஒரு வசனத்தை வாசித்து, அதையே தன் ஜெபமாகச் சொல்லச் சொல்லலாம். 'ஆண்டவரே, அந்தச் சகோதரிக்கு உதவி செய்யும், ஆமென்' என்பது முழுமையான ஜெபம்.

விண்ணப்பங்களை வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்கிறேன். ஜெப ஊழியங்கள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரு பெண் தன் மகன் குடிக்கிறான் என்று அழுதுகொண்டே ஒருவரிடம் சொல்கிறார். அவர் பாரத்தோடு அதை முப்பது பேர் இருக்கிற குழுவில் பெயரோடு போடுகிறார். அதை ஒருவர் தன் தங்கைக்கு 'நீயும் ஜெபம் பண்ணு' என்று அனுப்புகிறார். ஞாயிற்றுக்கிழமை அந்த மகன் சபைக்கு வருகிறான். அறிமுகமே இல்லாத ஒருவர் தோளில் கை வைத்து, 'தம்பி, உனக்காக ஜெபிக்கிறோம், குடியை விட்டுவிடு' என்கிறார். அந்தப் பையன் மறுபடி சபைப் பக்கம் வருவானா? அந்தத் தாய் இன்னொரு முறை வாயைத் திறப்பாரா? இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஜெபம் என்ற பெயரில் போவதால் அது புறங்கூறுதலாக யாருக்கும் தோன்றுவதும் இல்லை. நீதிமொழிகள் 11:13 புறங்கூறித் திரிகிறவனையும் காரியத்தை அடக்குகிறவனையும் எதிரெதிராக நிறுத்துகிறது. ஜெபக்குழுவில் இருப்பவர் இரண்டாமவராக இருந்தே ஆகவேண்டும்.

அதனால் விண்ணப்பம் வாங்கும்போதே கேளுங்கள்: 'இதை யாரெல்லாம் தெரிந்துகொள்ளலாம்?' போதகர் மட்டுமா, ஜெபக்குழுவா, முழுச் சபையா? விண்ணப்பத் தாளில் இந்த மூன்றையும் அச்சிட்டு ஒன்றைக் குறிக்கச் சொல்லலாம். ஒருவர் இன்னொருவருக்காக விண்ணப்பம் கொடுத்தால், அந்த ஆளின் அனுமதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லை என்றால் பெயரில்லாமல், 'ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக' என்று ஜெபித்தால் போதும். தேவனுக்கு முகவரி சொல்லவேண்டியதில்லை.

வாட்ஸ்அப் வேண்டாம் என்று சொல்லவில்லை. விபத்து, அவசர அறுவைச் சிகிச்சை என்றால் அதைப் போல வேகமானது வேறில்லை. அட்மின் மட்டும் செய்தி போடுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். காலை வணக்கப் படங்களும் ஃபார்வர்டு வீடியோக்களும் வர ஆரம்பித்தால், ஒரு மாதத்தில் எல்லாரும் குழுவை மியூட் செய்துவிடுவார்கள், நிஜமான அவசரத்தையும் யாரும் பார்க்கமாட்டார்கள். வியாதி விவரம், குடும்பச் சண்டை, கடன், மருத்துவ அறிக்கையின் புகைப்படம் ஆகியவை அதில் போகவே கூடாது. தாளில் வாங்கிய விண்ணப்பங்களையும் ஜெபித்து முடித்ததும் கிழித்துப் போடுங்கள்; ஆலய மேஜையில் கிடக்கவிடாதீர்கள்.

ஆராதனை முடிந்ததும் முன்னால் வருகிறவர்களுக்காக ஜெபிக்கிறோம். எதில் கவனமாக இருக்கவேண்டும்?

முதலில் கேளுங்கள். பர்திமேயு குருடன் என்பது பார்த்த எல்லாருக்கும் தெரியும். அப்படியும் இயேசு அவனிடம், 'நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்' என்று கேட்டார். நாமோ அழுதுகொண்டு வருகிறவரைப் பார்த்தவுடனே காரணத்தை ஊகித்துக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கிவிடுகிறோம். அன்னாளைப் பார்த்த ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார், இத்தனைக்கும் அவர் அனுபவம் உள்ள ஆசாரியர்.

ஆணுக்காக ஆண்களும் பெண்ணுக்காகப் பெண்களும் ஜெபிக்கட்டும். இருவர் இருவராக நில்லுங்கள், மற்றவர்கள் பார்க்கும்படியான இடத்தில் நில்லுங்கள். மூடிய அறை வேண்டாம். கை வைப்பதற்கு முன் 'கை வைத்து ஜெபிக்கலாமா?' என்று கேளுங்கள். தலையை அழுத்துவது, தள்ளுவது, காதருகில் கத்துவது எதுவும் தேவையில்லை. பிள்ளைகளுக்காக ஜெபிக்கும்போது பெற்றோர் கூட இருக்கவேண்டும்.

மருந்தை நிறுத்தச் சொல்ல ஜெபக்குழுவில் யாருக்கும் உரிமை கிடையாது. இதில் விதிவிலக்கே இல்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு, மனநோய் எதுவாக இருந்தாலும் மருந்தைப் பற்றி முடிவு செய்யவேண்டியவர் மருத்துவர். தீமோத்தேயுவின் அடிக்கடி வந்த பலவீனங்களுக்குப் பவுல் சொன்னது வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் (1 தீமோத்தேயு 5:23). அதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்வதில்லை.

ஒருவர் சாகவேண்டும் போல இருக்கிறது என்று சொன்னால், ஜெபித்துவிட்டுத் தனியாக அனுப்பிவிடாதீர்கள். கூடவே இருங்கள், நம்பிக்கையான ஒருவரை வரவழையுங்கள், மருத்துவ உதவிக்கு அழைத்துப் போங்கள். வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடம் 'பொறுத்துக்கொள், ஜெபம் பண்ணு' என்று சொல்லி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது ஊழியம் ஆகாது. ஒரு குழந்தைக்கு யாராவது தீங்கு செய்வதாகத் தெரிந்தால் இரகசியம் காக்கிற விதி அங்கே செல்லாது. போதகரிடமும் சட்டப்படி சொல்லவேண்டியவர்களிடமும் அன்றைக்கே சொல்லியாகவேண்டும். குழுவில் சேருகிறவர்களுக்கு இவற்றையெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எங்கள் குழுவில் ஒருவர் அடிக்கடி 'கர்த்தர் எனக்குச் சொன்னார்' என்கிறார். என்ன செய்வது?

தீர்க்கதரிசன வரத்தைப் பற்றிச் சபைக்குச் சபை உபதேசம் வேறுபடும். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. அந்த வரத்தை ஏற்கிற சபைகளுக்கும் 1 கொரிந்தியர் 14:29 உண்டு: இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும். யாரும் நிதானித்துப் பார்க்கக்கூடாது என்று சொல்கிற வார்த்தையை ஏற்கவேண்டிய அவசியமில்லை.

நடைமுறையில்: திருமணம், வேலை, வீடு வாங்குவது, குழந்தை பிறப்பது, யார் சாவார் யார் பிழைப்பார் என்பதைப் பற்றி ஜெபக்குழுவில் யாரும் யாருக்கும் 'வார்த்தை' சொல்லக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மனதில் ஏதாவது பலமாகத் தோன்றினால் முதலில் போதகரிடம் போகட்டும்.

24 மணி நேர சங்கிலி ஜெபம் நடத்த ஆசை. சின்னச் சபையால் முடியுமா?

முடியும், ஆனால் கணக்குப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு 24 மணி, வாரத்துக்கு 168 மணி. நாற்பது பேர் இருக்கிற சபை வாரம் முழுவதும் இதைச் செய்யப் பார்த்தால், ஆளுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் வரும். மூன்றாவது வாரம் அதிகாலை 2 மணிக்கு யாரும் இருக்கமாட்டார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை 6 முதல் மாலை 6 வரை, அரை மணிக்கு ஒருவர் என்று 24 பேரை வைத்துத் தொடங்குங்கள். வீட்டிலிருந்தே ஜெபிக்கலாம். முடித்தவர் அடுத்தவரை போனில் கூப்பிட்டு ஒப்படைக்கவேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

சங்கிலி ஜெபம் என்றாலே மொரேவியர்களைச் சொல்வார்கள். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில், சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் குடியேறியிருந்த அகதிகள் அவர்கள். 1727 ஆகஸ்ட் மாதக் கடைசியில் 24 ஆண்களும் 24 பெண்களும் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பொறுப்பெடுத்தார்கள். அது நூறு வருடத்துக்கு மேல் தொடர்ந்தது என்பது அவர்கள் வரலாறு. 1732-ல் அங்கிருந்து முதல் மிஷனெரிகள் கரீபியன் தீவான செயிண்ட் தாமஸுக்குப் புறப்பட்டார்கள். அதற்கு முந்தின பகுதியைப் பலர் சொல்வதில்லை. அந்த மக்கள் உபதேச விஷயங்களில் ஒருவரோடொருவர் கடுமையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள். அந்தக் கோடையில் சின்சென்டார்ஃப் வீடு வீடாகப் போய்ப் பேசி, ஒரு சகோதர உடன்படிக்கையில் அவர்களைக் கையெழுத்துப் போடவைத்து, ஆகஸ்ட் 13 அன்று சேர்ந்து கர்த்தருடைய பந்தியில் பங்கெடுத்த பிறகுதான் சங்கிலி ஜெபம் தொடங்கியது. உங்கள் சபையில் இரண்டு குடும்பங்கள் பேசிக்கொள்வதில்லை என்றால், அட்டவணை போடுவதற்கு முன் அவர்கள் வீட்டுக்குப் போய் வாருங்கள்.

உபவாச ஜெபம் கட்டாயமா?

கட்டாயப்படுத்தாதீர்கள். சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிற தாய்மார்கள், நேரத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், உணவுப் பழக்கத்தில் சிக்கல் உள்ளவர்கள் சாப்பிட்டுவிட்டே ஜெபிக்கட்டும். யார் உபவாசம், யார் இல்லை என்று கணக்கெடுக்கவே வேண்டாம். மத்தேயு 6 அதற்கு எதிராகத்தான் பேசுகிறது.

ஜெபித்தோம், நடக்கவில்லை. குழுவே சோர்ந்துவிட்டது. என்ன சொல்வது?

விளக்கம் சொல்ல அவசரப்படாதீர்கள். ஒரு சின்னப் பிள்ளைக்காக ஆறு மாதம் சபையே ஜெபித்து, அந்தப் பிள்ளை இறந்துபோனால், அடுத்த ஜெபக்கூட்டத்தில் 'தேவ சித்தம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போவது கொடுமை. அன்றைக்குப் புலம்பல் சங்கீதம் ஒன்றை வாசித்து, அழுகிறவர்களோடு அழுங்கள். பதிமூன்றாம் சங்கீதம் 'கர்த்தாவே, எதுவரைக்கும்' என்று தொடங்குகிறது. எண்பத்தெட்டாம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் இருட்டிலேயே முடிகிறது. இவையும் வேதத்தில் உள்ள ஜெபங்கள்தான்.

யாருடைய விசுவாசக் குறைவால் நடக்கவில்லை என்று தேடுவது அதைவிட மோசம். பவுல் தன் சரீரத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார், 'என் கிருபை உனக்குப் போதும்' என்ற பதில்தான் வந்தது. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். காரணம் சொல்லவில்லை, யாரையும் குற்றப்படுத்தவும் இல்லை.

அப்போஸ்தலர் 12-ம் அதிகாரத்தை நான் இந்தக் கேள்விக்காகத் திரும்பத் திரும்ப எடுப்பேன். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். பேதுருவையும் பிடித்தான். சபையார் ஊக்கத்தோடு ஜெபித்தார்கள், பேதுரு விடுதலையானான். யாக்கோபுக்காகவும் அவர்கள் ஜெபிக்காமல் இருந்திருப்பார்களா என்ன? ஏன் ஒருவருக்கு இப்படி, இன்னொருவருக்கு அப்படி என்று அந்த அதிகாரம் சொல்வதில்லை. பேதுரு வந்து கதவைத் தட்டியபோது, ரோதை என்ற பெண் உள்ளே ஓடிவந்து சொல்ல, 'நீ பிதற்றுகிறாய்' என்றார்கள். யாருக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்களோ அவரே வாசலில் நின்றும் நம்பவில்லை. அப்படிப்பட்ட ஜெபத்தையும் தேவன் கேட்டார்.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். இடது பக்கம் தேதியும் விண்ணப்பமும், வலது பக்கம் என்ன ஆயிற்று என்பது. பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லர் எதற்காக ஜெபித்தார், எப்போது பதில் வந்தது என்று தேதி போட்டு எழுதிவைத்தவர். வலது பக்கம் காலியாக இருந்தால் காலியாகவே இருக்கட்டும். நோட்டைப் புரட்டும்போது, பதில் வந்தும் நன்றி சொல்ல மறந்துபோனவை எத்தனை என்பதும் தெரியவரும்.

எங்கள் ஜெபம் எல்லாம் வியாதி, வேலை, வீசா என்றே போகிறது. இது சரியா?

அவற்றையும் கேட்கவேண்டும், இயேசு தாம் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் அதே ஜெபத்தில் அதற்கு முன்னால் உம்முடைய ராஜ்யம் வருவதாக என்று இருக்கிறது. பவுலின் நிருபங்களில் உள்ள ஜெபங்களைப் பாருங்கள்: அன்பு பெருகவேண்டும், மனக்கண்கள் பிரகாசமாகவேண்டும், உள்ளான மனுஷனில் பலப்படவேண்டும் என்று கேட்கிறார். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு காரியமாவது சபைக்கு வெளியே போகட்டும்: அக்கம்பக்கத்திலுள்ள பள்ளி, மருத்துவமனை, சிறையில் இருப்பவர்கள், போர் நடக்கிற ஒரு நாடு. அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்காக ஜெபிக்க 1 தீமோத்தேயு 2 சொல்கிறது. நமக்குப் பிடித்த கட்சி ஜெயிக்க ஜெபிப்பதற்கு அது அனுமதிச் சீட்டு அல்ல. ஆட்சியில் இருப்பவர் நமக்குப் பிடிக்காதவராக இருந்தாலும் அவருக்காக நன்மை கேட்கவேண்டும் என்று அர்த்தம்.

பெண்கள் மட்டுமே வருகிறார்கள். ஆண்களையும் வாலிபர்களையும் எப்படிக் கூட்டி வருவது?

நேரத்தைப் பாருங்கள். வார நாளில் காலை 10.30-க்குக் கூட்டம் வைத்துவிட்டு, வேலைக்குப் போகிறவர்கள் வரவில்லை என்று வருத்தப்படக்கூடாது. விடியற்காலை அரை மணி நேரம் சிலருக்கு ஒத்துவரும். கொரிய சபைகளில் அதிகாலை ஜெபம் அன்றாட வழக்கமாகவே வேரூன்றியிருக்கிறது. ஞாயிறு ஆராதனைக்கு முந்தின இருபது நிமிடம் இன்னும் சுலபம், எப்படியும் வரப்போகிறவர்கள்தானே.

வாலிபர்களுக்கு வேலை கொடுங்கள். விண்ணப்பப் பட்டியல் தயாரிப்பது, நோட்டைப் பராமரிப்பது, ஒரு நாட்டைப் பற்றிப் படித்து வந்து ஐந்து நிமிடத்தில் சொல்லி ஜெபம் நடத்துவது. சும்மா வந்து உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார்கள்.

ஆன்லைனில் ஜெபக்கூட்டம் நடத்தலாமா?

நடத்தலாம். படுக்கையில் இருப்பவர்கள், தூரத்தில் வேலை செய்பவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய உதவி. அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஜெபிக்கிறவர் தவிர மற்றவர்களின் மைக் அணைந்திருக்கட்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்பது ஆன்லைனில் வெறும் இரைச்சலாகிவிடும். பதிவு செய்யாதீர்கள், சுட்டியைப் பொதுவில் போடாதீர்கள். இணைய வசதியோ ஸ்மார்ட்போனோ இல்லாத முதியவர்கள் இருந்தால், அவர்களைச் சாதாரண போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் இணைக்கிற பொறுப்பைக் குழுவில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.